எண் எழுதாத வட்டம்

வெள்ளை வட்டம்.
குறுக்கே ஒரு கருங்கோடு.
எண் எதுவும் எழுதியிருக்காது.
உனக்கு அது அறுபது மைல்,
எனக்கு நாற்பது.
உல்லாபூலிலிருந்து இறங்கும் இந்தச் சாலையில்
ஒரே பலகையைத்தான் இருவரும் படிக்கிறோம்,
நீ என் மரத்தடிகளுக்குப் பின்னால்
பதினேழாவது நிமிடமாக.

என் வலது கண்ணாடிக்குள்
வருகிறாய், மறைகிறாய், வருகிறாய்,
கதவு திறக்குமா என்று எட்டிப்பார்க்கும் பூனை மாதிரி.
உன் நீலக் காருக்குப் பின்னால் ஒரு கேரவன்,
அதற்குப் பின்னால் தபால் வேன்,
அப்புறம் வளைவு மறைத்துவிடுகிறது.
என் வால் எவ்வளவு நீளம் என்று
எனக்கே தெரியாது.

நாற்பத்து நாலு டன்.
காலையில் அறுத்த ஸ்ப்ரூஸ், பிசின் காயவில்லை.
பிரேக்கை மிதித்தால் லாரி உடனே கேட்கும்.
மரம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கேட்கும்.

டிப்போவில் தேநீர் நேரத்தில்
டார்க்கில் மேசையைத் தட்டுவான்:
தெற்கே இங்கிலாந்தில் ஐம்பது கொடுத்துவிட்டார்கள்,
ஸ்காட்லாந்துக்காரனுக்கு மட்டும் ஏன் இந்தக் கால்கட்டு?
வேகம் கூடினால் வால் குறையும்,
வால் குறைந்தால் முந்துகிறவனும் குறைவான்.
நியாயமாகத்தான் படும்.
மோரா எதுவும் சொல்ல மாட்டாள்.
முன்பு மீட்பு வண்டி ஓட்டியவள்.
கோப்பையில் சர்க்கரை போட்டுவிட்டு,
போட்டதை மறந்து
மறுபடியும் போடுவாள்.

நான் டீசல் ரசீதின் முதுகில் கணக்குப் போட்டேன்.
முப்பது மைல்.
நாற்பதில் போனால் நாற்பத்தைந்து நிமிடம்,
ஐம்பதில் முப்பத்தாறு.
மிச்சம் ஒன்பது.
ஒன்பது நிமிடத்தில்
ஒரு முட்டையை வேகவைக்கலாம்.
மகனுக்கு போன் போட்டு, சண்டை பிடித்து,
சமாதானத்துக்கு மட்டும் நேரம் போதாமல்
வைத்துவிடலாம்.

இதோ, வெளியே வந்துவிட்டாய்.
நடுக்கோடு இன்னும் இரட்டையாகத்தான் கிடக்கிறது.
மேட்டின் மறுபுறம் எனக்குத் தெரிகிறது,
உனக்குத் தெரியாது.
உயரத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு இது ஒரு சாபம்.
அங்கே ஒரு ஜோடி விளக்கு.

காலை எடுக்கிறேன்.
மிதிக்கிறேன்.
மரம் யோசிக்கிறது.
கீழே உன் கைகள் மட்டும்,
வெளுத்துப்போன முட்டிகள்.
பின் இருக்கையில் மஞ்சளாக ஒரு மழைச்சட்டை,
ஆளா, வெறும் சட்டையா
பார்ப்பதற்குள்
இடது சக்கரங்கள் புல்லைத் தொட ஒதுங்குகிறேன்,
என் மூக்கை உரசாமல் உரசி
நீ உள்ளே விழுகிறாய்.

எதிரே வந்தது டிராக்டர்,
பின்னால் டிரெய்லர் நிறையச் செம்மறிகள்.
ஓட்டியவர் ஹார்ன்கூட அடிக்கவில்லை.
ஸ்டீயரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கினார்,
இந்தப் பக்கத்து வணக்கம்.

உன்னைத் திட்ட வாய் திறந்தேன்.
போன ஞாயிறு குறுக்கே வந்து நின்றது.
என் சின்னக் காரில் இன்வெர்னஸுக்கு, சினிமாவுக்கு.
முன்னால் பால் லாரி, நாற்பதில்.
ஓட்டுவது யூயின் என்றுகூடத் தெரியும்.
பால் எப்படி அலைபாயும் என்று தெரியும்,
அந்த வட்டத்தின் பொருள் தெரியும்,
மோராவின் சர்க்கரை தெரியும்.
இருந்தும் என் வலது கால்
என்னைக் கேட்காமல் ஓர் அங்குலம் இறங்கியது.
எட்டிப்பார்த்தேன்,
பூனை மாதிரி.
தாமதித்தால் போயிருக்கக்கூடியது
நாலு விளம்பரம்.

கார்வுக்கு முன்னால் சாலை வேலை.
தற்காலிகச் சிவப்பு விளக்கு.
அங்கே நிற்கிறாய், எனக்கு நேர் முன்னால்,
அவ்வளவு தூரமும் போய்.

மஞ்சள் சட்டை திரும்புகிறது.
ஆள்தான்.
ஐந்து வயதிருக்கும், முன்பல் இல்லை.
என்னைப் பார்த்துக் கையை மேலே தூக்கி
இல்லாத கயிற்றை இழுத்துக் காட்டுகிறது:
அடி, அடி, ஹார்ன் அடி.

அடித்தேன்.

பிள்ளை குதித்தது.
முன் இருக்கையில்
உன் தோள்கள் இரண்டும்
காதுவரை ஏறி
இறங்கவே இல்லை,
பச்சை விழுந்த பிறகும்.