பதிவு செய்த குருவி

நிபோங் திபால் கடைத்தெருவில்
மூன்றாம் மாடிக்கு ஜன்னல் இல்லாத கட்டடங்களில்
பாதி என் கைபட்டவை.
பதினாறு வருஷம் ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்தேன்.
முதல் நாள் உள்ளே ஒரு குருவியும் இருக்காது.
பெட்டிக்குள் பதிவு செய்த கீச்சொலி மட்டும்
விடியலிலிருந்து ராத்திரி ஒன்பது வரை
வா வா என்று கிடக்கும்.
வெளியே போகிற உழவாரக் குருவிகள்
நம் சனம் உள்ளே கூடியிருக்கிறது போல என்று நம்பி
நுழைந்து
எச்சிலால் கூடு கட்டும்.
முதலாளி சிரிப்பார். எனக்குக் கூலி.

இருமல் முதலில் ராத்திரிகளில் வந்தது,
வேலை முடிந்து நாலைந்து மணி நேரம் கழித்து,
கூடவே காய்ச்சல் போல ஒன்று.
தீபாவளி லீவு எட்டு நாளும் காணாமல் போய்
ஒன்பதாம் நாள் ஏணியில் ஏறியதும் திரும்பியது
கடன்காரனைப் போல.

செபராங் ஜெயா ஆஸ்பத்திரியில்
மூக்கு வழியே குழாய் விட்டு
உப்புநீர் ஊற்றி உறிஞ்சி எடுத்தார்கள்,
நுரையீரலை அலசிய தண்ணீர்.
அதில் எண்ணினார்களாம்.
நூற்றில் பதினைந்தைத் தாண்டக்கூடாத காவல் அணுக்கள்
ஐம்பத்தெட்டு.
"அதிலும் எட்டாம் வகைதான் கூட்டம்,
நாலாம் வகை அதில் பாதிகூட இல்லை"
என்றார் டாக்டர் ஸுரைனி.
கமலவேணி பார்க்கிங் சீட்டின் பின்னால்
5884 என்று எழுதிக்கொண்டாள்.
சனிக்கிழமை நாலு நம்பரில் வைத்தாள்.
விழவில்லை.

கிருமியா டாக்டர்?
கிருமி இல்லை.
புற்றா?
அதுவும் இல்லை.
இறகுத் தூசி, காய்ந்த எச்சம்.
அதை எதிரி என்று உங்கள் உடம்பு
ஒருமுறை எழுதிக்கொண்டது.
அன்றிலிருந்து உள்ளே கூப்பிட்டபடி இருக்கிறார்கள்,
வந்தவர்கள் போகாமல் இன்னும் நாலு பேரைக் கூப்பிடுகிறார்கள்.
போதும், கலைந்து போங்கள் என்று சொல்லவும்
சில அணுக்கள் உண்டு.
அவற்றின் குரல் எடுபடவில்லை.

படத்தைத் திரையில் காட்டினார்.
கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம்
வாயால் ஊதிய கண்ணாடி போல் மங்கல்.
நடுநடுவே சின்னச் சின்னப் புள்ளி.
"கூடிக் கூடி இப்படி முடிச்சுக் கட்டிக்கொள்ளும்."
எனக்கு இந்த வேலை தெரியும் டாக்டர் என்று
வாயெடுத்தேன்.
இருமல்தான் வந்தது.

காலையில் எட்டு மாத்திரை.
முகம் உப்பியது. ராத்திரி மூன்று மணிக்குப் பசி.
மருந்து வால்யூமைத்தான் குறைக்கும்,
ஒயரைப் பிடுங்க வேண்டியவன் நான்.
கட்டடத்துக்குள் கால் வைக்கக்கூடாது.
வேலைச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடாது.

இப்போது ஸ்டேஷன் ஓரம் போன் கவர் விற்கிறேன்.
ஏழு மணிக்கு வானம் கறுத்துச் சுழல்கிறது.
எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது ஸ்பீக்கர் கரகரக்கிறது,
கோன் கிழிந்திருக்கும்.
என் இடத்துக்கு வந்த ரஃபிக்குலுக்கு அது இன்னும் பிடிபடவில்லை.
நம்பர் என்னிடம் இருக்கிறது.
கோனை மாற்று என்பதை முதலில் சொல்வதா,
மூக்கை மூடு என்பதையா என்று
போனைக் கையில் வைத்தபடி நிற்கிறேன்.

அந்தக் கரகரப்பையும் நம்பி
நுழைகின்றன.