அளந்து போடு

பா-அன் நகரின் கீழ்க்கரையில்
புத்த மடத்துக் கூடம்தான் எங்கள் கிடங்கு.
நூற்றுப் பதினெட்டு மூட்டை அரிசி,
குளோரின் மாத்திரை ஆறு பெட்டி,
ஏழு பேர், ஒன்றரைப் படகு.
அரை என்றது,
எஞ்சின் பாதி நாள் முரண்டு பிடிப்பதை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது
என் மொழியின் புத்தி.
ஆறே வீடு வீடாய் ஏறி
அளந்துகொண்டிருந்த வாரம் அது.

நோ மூ பா இரண்டு மூட்டையை
ஒரே வாசலில் இறக்கிவிட்டாள்.
பட்டியலில் அந்த வீட்டுக்கு ஒன்று.
சாயங்காலம் கணக்கு உதைத்தது.

எல்லோர் கண்ணும் என் வாயில்.
திட்ட மூன்று மொழியில் சொல் இருந்தது;
மோல்மேன் சந்தையில் வளர்ந்தவள், பஞ்சமில்லை.
ஒன்று நுனிநாக்குவரை வந்து
ஆறிய தேநீரோடு உள்ளே போனது.

"அங்கே என்ன பார்த்தாய்?" என்றேன்.
கேட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் கடினம்.
எட்டு வருடமாக
கேள்வியும் நானே கேட்டு
பதிலையும் நானே சொல்லி வந்தவள்.
தகரக் கூரையில் மழை.
தெ தெ வின் பேனாவை மூடித் திறந்தாள், மூடித் திறந்தாள்.
கோ நேய் லின் துடைத்த டார்ச்சையே துடைத்தான்.
மூ பா தன் ஈர லோஞ்சியின் ஓரத்தைப் பிழிந்தாள்.

"ஒரு வாசல்தான் சயாமா.
உள்ளே மூன்று அடுப்பு."

அவ்வளவுதான் சொன்னாள்.
பட்டியல் வாசலை எண்ணியிருந்தது.
அதன் அடியில் இருந்த கையெழுத்து
என்னுடையது.

இரவு யாங்கோன் அலுவலகம் போனில் கேட்டது:
யார் செய்த தவறு?
லைன் கொரகொரத்தது.
"என் தவறு" என்றேன். கேட்கவில்லை என்றார்கள்.
இரண்டாம் தடவை சொல்லும்போது
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது.
அதையும் எழுதிவைக்கிறேன்.

மறுநாள் மூ பாவும் தெ தெ வின்னும்
அடுப்பு எண்ணப் போனார்கள்.
நான் போகவில்லை.
போகாமல் இருப்பதும் ஒரு வேலை என்று
எந்தச் சம்பளச் சீட்டிலும் எழுதியிருப்பதில்லை.
கரையில் நின்று பன்னிரண்டு முறை போனை எடுத்தேன்.
பதினோரு முறை திரும்ப உள்ளே வைத்தேன்.
பன்னிரண்டாம் முறை கூப்பிட்டு
லைஃப் ஜாக்கெட் போட்டீர்களா என்றேன்.
"போட்டிருக்கிறோம் சயாமா."
குரலில் சிரிப்பிருந்தது,
எரிச்சலும்.

திரும்பி வந்தபோது இரண்டு வீட்டில் எண்ணிக்கை தப்பு.
அவர்களே கண்டுபிடித்தார்கள்,
சத்தம்போட்டுச் சண்டை பிடித்தார்கள்,
ஒருத்தி தாளில் இன்னொருத்தி அடித்து எழுதினாள்.
நான் கிழிந்த மூட்டை ஒன்றின் வாயைத்
தைத்துக்கொண்டிருந்தேன்,
என் வாயைத் தைக்க ஊசி போதாமல்.

பதினோராம் நாள் இரவு
வெள்ளைப் பலகையில் மறுநாள் பணி
எனக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது.
படகுக்கு மூ பா. கிடங்குக்கு நேய் லின்.
ஓய்வு என்ற கட்டத்தில்
அதுவரை சயாமா என்று மட்டுமே அறிந்த என் பெயர்,
வட்ட வட்டமான பர்மிய எழுத்தில்.
பவழவல்லியின் ழகரம் அவர்களிடம் இல்லை;
பவயவல்லி என்று வந்திருந்தது.

யார் எழுதியது என்றேன்.
யாரும் நிமிரவில்லை.
டார்ச் துடைப்பவன்தான் கடைசியில் வாய் திறந்தான்:
"நேற்று மாத்திரைப் பெட்டியை
நாலு தடவை எண்ணினீர்கள்.
நாலு தடவையும் வேறு வேறு எண்."

அழிக்கத் துணியை எடுத்தேன்.
எடுத்த கையோடு
அதில் தேநீர்க் குவளைகளைத் துடைத்து வைத்தேன்.

விடியலில் கொசுவலைக்குள் படுத்தபடி
எஞ்சின் இருமுவதைக் கேட்டேன்.
ஒரு இழுப்பு. இன்னொன்று.
இடப்பக்க ஒயரை அழுத்திப் பிடிக்க வேண்டும்,
அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுக்க வேண்டும்.
எழுந்து உட்கார்ந்தேன்.
செருப்பைத் தேடினேன்.
ஒன்று அகப்பட்டது.
மற்றது அகப்படுவதற்குள்
படகு கிளம்பிவிட்டது.