புள்ளிக் கணக்கு

அப்பச்சி இருந்தவரை எங்கள் வீடு ஒரு புள்ளி.
அவர் போன மாசியிலிருந்து
ஆத்தா அரைப்புள்ளி.
நாற்பத்து மூன்று வயதில் நான்
வரி எழுதும் நோட்டில் எங்குமில்லை.
காரைக்குடியில் பாதிப்பேர் கணக்கை ஆடிட் செய்கிறவன்,
என் பெயருக்கு எதிரே எழுத ஓர் எண் இல்லை.

"கல்யாணம் ஆனாத்தானே மெய்யப்பா புள்ளி"
என்றார் கோயில் ஆபீசில் சோலையப்பண்ணன்.
வருத்தத்தோடுதான் சொன்னார்.
மேசையில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைச் சுழற்றி
அது விழும்வரை இருந்துவிட்டு
எழுந்து வந்தேன்.

இன்னாசியை இதில் எந்தப் பத்தியில் வைப்பது?
தேவகோட்டை ரஸ்தாவில் பிளெக்ஸ் கடை.
பதினோரு வருடம்.
ஞாயிறு பூசை முடிந்து நேரே வருவான்,
சட்டையில் சாம்பிராணி, நகக்கண்ணில் மை.
முதல் வருடங்களில் அவன் தூங்கியபின்
எழுந்துபோய்த் திருநீறு பூசிக்கொள்வேன்,
தப்பெழுத்தின் மேல் வெள்ளை பூசுகிறவனைப்போல.
பிறகொரு நாள் பூச மறந்தேன்.
பிறகொரு நாள் அவன் நெற்றியிலும் பூசினேன்.
தும்மினான்.

மதுரை டாக்டரம்மா நோயில்லை என்றாள்,
மருந்துக்குப் பதில் ஒரு சொல் தந்தாள்:
தன்பால் ஈர்ப்பு.
திருப்பத்தூர் வரும்வரை பஸ்ஸில்
அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன்.
தன்பால். தன்னிடத்தில்.
கண்மூடி மூச்சை எண்ணும் சாமியார்களுக்கும்
இதே வியாதியா என்று
சிரிப்பு வந்தது, பக்கத்து சீட்டுக்காரர் நகர்ந்து உட்கார்ந்தார்.

இந்தத் தையில் பழனிக்கு நடக்கிறேன் என்றேன்.
அன்னதானப் பந்தலுக்கு என் பெயரில் பேனர்.
இன்னாசியே அடித்தான்.
ஃபான்ட் மாறியதில் புள்ளியெல்லாம் உதிர்ந்துவிட்டது.
மெயயபபன.
குன்றக்குடி அடிவாரத்தில் கட்டி ஏற்றியபிறகுதான் பார்த்தோம்.
காவடிக்காரர்கள் எழுத்துக்கூட்டிச் சிரித்தார்கள்.
அவன் முகம் செத்துப்போயிற்று.
"வேற அடிச்சு விடியுமுன்ன எடுத்தாரேன்"
என்று வண்டியை உதைத்தான்.

இருட்டில் நடை.
முன்னால் போகிறவரின் குதிகால், என் டார்ச்.
வைக்கோல் வாசனை. எங்கோ பம்புசெட்.
யாரோ தொடங்க எல்லோரும் சொன்னோம்
சரவணபவ
சரவணபவ
கொப்புளம் உடைந்த இடத்தில் ஜல்லி ஏறியது.
திருப்பத்தூர் விளக்குகள் பின்னால் போனபிறகு
நாக்கு நின்றது, கால் நடந்தது.

ச ர வ ண ப வ.
ஆறெழுத்து. ஒன்றிலும் புள்ளியில்லை.

மெ ய ய ப ப ன.
ஆறெழுத்து.
மெ-வுக்கு மட்டும் ஒரு கொம்பு. இருந்துவிட்டுப் போகட்டும்.

புள்ளி வைத்தால் மெய்,
ஒலி அங்கேயே அடைபடும்.
வைக்காத எழுத்தில்தான்
உயிர் உள்ளே குடியிருக்கிறது
காலில்லாமல், விசிறியில்லாமல்,
இருப்பதே தெரியாமல்
அகரமாக.

இதை ஞானம் என்று சொல்ல மாட்டேன்.
இருபத்தைந்து கிலோமீட்டர், வெறும் வயிறு.
காலையில் அசட்டுத்தனமாகத் தோன்றலாம்.
ஆனால் இத்தனை காலம் நெஞ்சுக்குள்
ஒரு காலி இடத்தைக் காவல் காத்தேன்,
விடுபட்டது என்று.
அங்கே முன்பே யாரோ
மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிங்கம்புணரிக்கு முன் ஒரு டீக்கடை.
டிவிஎஸ் வந்து நின்றது.
சுருட்டிய புது பேனர், வேப்பெண்ணெய், பஞ்சு.
"பழசே இருக்கட்டும்" என்றேன்.
கிறுக்கா என்பதுபோல் பார்த்துவிட்டு
மண்ணில் உட்கார்ந்து
என் காலை எடுத்து மடியில் வைத்தான்,
எல்லோரும் பார்க்க.

பாயில் கிடந்த சாத்தப்பண்ணன் தலைதூக்கி
"யாருப்பா இது?" என்றார்.
வாயைத் திறந்தேன்.
வெறுமனே திறந்தாலே அகரம்தானே.
மிச்சம் தானாக வந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
புரண்டு படுத்தார், பாயில் இடம் விட்டு.
ஒருவருக்கா, இருவருக்கா,
இருட்டில் அளக்க முடியவில்லை.