மூணாவது உயிர்

புதுவயல் எடைமேடையில் இரவு வேலை எனக்கு.
லாரி ஏறும், எண் நடுங்கும், நிற்கும்.
அடுத்த லாரி வர இருபது நிமிடம்.
அந்த இருபது நிமிடங்களில்தான்
வயிரவனும் ஜெபமாலையும் என் காதில் குடியிருந்தார்கள்.

'மூணாவது உயிர்' என்று பெயர் அவர்கள் பாட்காஸ்டுக்கு.
வீடியோ கேம் பற்றி வாரம் ஒரு மணி நேரம்.
காரைக்குடி பிரவுசிங் சென்டரில் இறக்கி
ஒரு ஜிபி கார்டில் ஏற்றி வருவேன்.
பழையதை அழித்தால்தான் புதியதற்கு இடம்.
அப்படி அழித்தவற்றை நினைத்தால்
இப்போது விரல் கூசுகிறது.

வயிரவன் கம்ப்யூட்டரில் பாதி ஆட்டங்கள் ஓடாது.
ஓடாத ஆட்டத்தையும் விடமாட்டான்,
அட்டைப்படத்தைப் பார்த்தே நாற்பது நிமிடம் பேசுவான்:
"இந்த டிராகன் கண்ணுல ஒரு வருத்தம் இருக்குடா."
ஜெபமாலை சிரிப்பான். சிரிப்பு இருமலில் போய் முடியும்.
இருமி ஓயும்வரை வயிரவன் காத்திருப்பான்.
அந்த மௌனத்தை அவர்கள் வெட்டியதே இல்லை.

மலேசியாவில் இருக்கும் யாரோ சித்தப்பாவின் பூட்டிய வீடு,
சாவி இவர்களிடம்.
ஒன்று சொன்னால் இரண்டாகத் திரும்பும் பட்டாலை.
உத்தரத்தில் புறாக்கள்.
பேச்சு சூடுபிடிக்கும்போதுதான் அவையும் ஆரம்பிக்கும்.
ஜெபமாலை கையை இரண்டு தட்டு தட்டி
"போ ராசா, அப்பறம் வா" என்பான்.
போகாது.

பதினேழாவதிலோ பதினெட்டிலோ
பேச்சுக்குப் பின்னால் மீட்டர்கேஜ் ரயில் கூவியது.
கண்டனூர் கேட்டில் இழுத்து விடும் அதே கூவல்.
அட, பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.
சைக்கிளை எடுத்திருந்தால் பத்து நிமிடம்.
எடுக்கவில்லை.
காதுக்குள் இருப்பவர்களை
வாசலில் நின்று கூப்பிடுவதாவது.

பதிலாக மெயில் எழுதினேன்.
ஒரே ஆள் எழுதினால் பாவம் என்று மூன்று பெயரில்.
பள்ளத்தூர் செபஸ்தியான் திட்டுவார்.
அறந்தாங்கி ஹனிபா சந்தேகம் கேட்பார்.
கானாடுகாத்தான் தேனம்மைக்கு எல்லாம் பிடிக்கும்.
தேனம்மை கடிதத்தை வாசிக்கும்போது மட்டும்
வயிரவனின் குரல்
சட்டையை உள்ளே விட்டுக்கொள்ளும்.

அறுபத்தொன்றாவதில்
கோபுர ஆட்டத்தின் கடைசி ராட்சசன்வரை வந்துவிட்டார்கள்.
கரண்டு போனது. யு.பி.எஸ். கத்தியது.
"அடுத்த வாரம் இவனை முடிச்சிருவோம்" என்றான் ஜெபமாலை.
புறா ஒன்று குனுகியது.
அவ்வளவுதான்.
கரண்டு அப்புறம் எத்தனையோ தடவை வந்தது.

இப்போதும் நிறைய இருக்கின்றன, கேட்கிறேன்.
கண்ணாடி மாதிரி ஒலி.
ஒருவர்கூட இருமுவதில்லை.

நேற்று தவிட்டு லோடு, கேரளாவுக்கு.
டிரைவர் இறங்கி நின்றான். தொப்பை, காதோரம் நரை.
கூரைத் தகரத்தில் புறா.
அவன் கை தானாக இரண்டு தட்டு தட்டியது.
"போ ராசா, அப்பறம் வா."

சீட்டு அடிக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்:
"அந்த ராட்சசனை எப்படிண்ணே முடிக்கிறது?"

லாரியின் டயரை ஒருமுறை உதைத்துப் பார்த்தான்.
காற்று சரியாகத்தான் இருந்தது.
"முடிக்கலண்ணே.
அவனுக்கு விசா வந்துருச்சு.
ஜாய்ஸ்டிக்கும் அவனோடது."
சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
நான் காத்திருந்தேன்.

ஏறி உட்கார்ந்தவன் கண்ணாடியை இறக்கினான்.
"கானாடுகாத்தான் பக்கம் தேனம்மைன்னு
யாரும் தெரியுமாண்ணே?
ஈப்போல இருந்து போன் போட்டா
இன்னமும் கேப்பான்."

"கல்யாணமாகி எங்கயாச்சும் போயிருப்பாங்க" என்றேன்.
"நல்லா இருந்தா சரி" என்று கியரைப் போட்டான்.

எடைக்கூலி அறுபது ரூபாய், வாங்க மறந்துவிட்டேன்.
செபஸ்தியான், ஹனிபா, தேனம்மை,
தலைக்கு இருபது போட்டுக்
கணக்கை நேர் செய்தோம்.