எழுபத்து நான்காம் நாள்

ஹாம்பர்க்கில் ஃப்ராவ்கே என்றொருத்தி இருக்கிறாள்.
முகம் தெரியாது. வயது தெரியாது.
"கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்"
என்ற ஒற்றை வரிதான் தெரியும்,
ஐந்து தேதிகளில், ஐந்து முறை.

திபிலிசியில் என் அறையில்
ஹீட்டரை ஒரு மணி நேரம் போட்டு
இரண்டு மணி நேரம் அணைக்கிறேன்.
வராத பணத்துக்கான பில்லின்
பின்பக்கம் காலியாகக் கிடந்தது.
அதில் எனக்கு நானே எழுதுகிறேன்.

பாதிப் பணம் கைக்கு வராமல் பையைத் தொடாதே.
ஷியோவின் டெலிகா வண்டி
வாக்குறுதியில் ஓடாது.
அபானோ கணவாய் ஏற அவன் கேட்டது ரொக்கம்,
அதுவும் முதல் வளைவுக்கு முன்னால்.

"படத்தின் கீழே உங்கள் பெயர் போடுவோம்" என்பார்கள்.
போடட்டும்.
அந்தப் பெயரை ஒருநாள்
ரொட்டிக்கடை மாக்வாலாவிடம் நீட்டிப் பார்த்தேன்.
அடுப்புச் சுவரிலிருந்து ரொட்டியைக்
கொக்கியால் பெயர்த்தபடி
சில்லறையாக இருக்கிறதா என்றாள்.

கார்டு இரண்டு. எப்போதும் இரண்டு.
ஒன்று கேமராவில், ஒன்று காலுறையில்.
பேட்டரியைக் கக்கத்தில் வை;
பனியில் அது உனக்கு முன்னால் செத்துவிடும்.
பயண நாளும் வேலை நாள்தான்.
ஓமாலோவில் மழை விட
மூன்று நாள் காத்திருந்தேனே, அதுவும்தான்.
வானத்துக்குத் தள்ளுபடி கேட்டார்கள்.
கொடுத்தேன்.
(இந்த இடத்தில் காகிதம் கிழியும்வரை கோடிட்டிருக்கிறேன்.)

எந்தப் படம், எத்தனை வருஷம், எந்த ஊர்ச் சுவரில்,
எழுதி வாங்கு.
"சகல உரிமைகளும்" என்று ஒரு வரி வரும்,
கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில்.
மலையை முழுசாய் விழுங்கிவிட்டு
ஏப்பம்கூட விடாது.

அடுத்து,
படத்தில் இருப்பவரிடம் கையெழுத்து வாங்கு.

பேனா இங்கே நின்றது.

வாங்கினேனே. எலிஸ்பாரிடம்.
மந்தை சமவெளிக்கு இறங்கிய காலை,
குதிரைச் சேணத்தின்மேல் காகிதத்தை வைத்து.
ஆட்டுக்கு அடையாளமிட்ட நீலச்சாயம் அவர் விரலில்.
கையெழுத்துக்குப் பக்கத்தில்
கேட்காமலே ஒரு ரேகையும் விழுந்தது.
"இதில் ஒன்று எனக்கு?"
"கண்டிப்பாக."
"எப்போது?"
"ஊர் போனதும்."

ஊர் வந்தேன்.
படம் தேர்ந்தேன், நிறம் திருத்தினேன், பில் அனுப்பினேன்.
ஹாம்பர்க் ரயில் நிலையத்தில்
எலிஸ்பார் இரண்டு மாடி உயரம் இருப்பதாக
தோழி ஒருத்தி படம் அனுப்பினாள்.
நாயை வெட்டிவிட்டிருந்தார்கள்.

போன வாரம் ஷியோ அழைத்தான்.
"எலிஸ்பாரின் கிடை இப்போது ஷிராக்கியில்.
சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறாராம்.
சும்மா இருக்க வேண்டாமென்று
தொப்பியை மாட்டுகிறாராம்.
கேட்கச் சொன்னார்."

"லேபுக்கு அனுப்பியிருக்கிறேன்" என்றேன்.

அனுப்பவில்லை.
சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது.
ஃப்ராவ்கேவுக்குக் குரல் உண்டென்பதே
எனக்கு அன்றுதான் தெரியும்.
என் குரல் போலவேதான் இருந்தது.

இன்று ஹீட்டரைப் போடவில்லை.
லேபில் நின்றே அச்சிட்டு வாங்கினேன்,
நாயோடு, அதன் அறுந்த காதோடு.
குழாயில் சுருட்டி வண்டியில் கொடுத்தால்
ஷியோ கையை நீட்டுகிறான்:
"பாதி முன்பணம்."
கொடுத்தேன். பேரம் பேசவில்லை.

திரும்பி வந்து ஆறாவது கடிதம்.
அன்புள்ள ஃப்ராவ்கே,
இன்று எழுபத்து நான்காம் நாள்.
தாமதக் கட்டணம் சேர்த்து, புதிய பில் இணைத்திருக்கிறேன்.
மழை நாட்கள் மூன்றும் அதில் உண்டு.