தாண்டப்பட்டவை

பிப்ரவரி. உறைந்த எமயோகி ஆற்றின் மேல்
யாரோ நாயோடு நடந்து போகிறார்கள்.
தார்த்து நகரத்தின் நான்காம் மாடி ஒன்றில்
இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு சோதனைகளை
ஒரே கோப்புறையில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்,
வீடு மாறியவர்களின் கடைசி அட்டைப்பெட்டி மாதிரி:
கரண்டி, சாவி, பல்துலக்கி எல்லாம் ஒன்றாய்.

"ஒரு வாரம் எடுத்துக்கொள், லேலோ" என்றார் ஊர்மஸ்.
அவர் அகராதியில் ஒரு வாரம் என்பது
வெள்ளி மதியம்.

பிரித்தேன்.
சாளரம் திறக்காமலே ஓடுபவை ஒரு பக்கம்.
திரை வேண்டும் சுட்டி வேண்டும் என்று அடம்பிடிப்பவை மறுபக்கம்.
கண்ணிமைப்பதற்குள் முடிபவை.
காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும்
பாதிக் கிணறே தாண்டியிருப்பவை.

எங்கள் எழுத்துகளுக்குத் தனி அறை.
தலையில் சிற்றலை தரித்த உயிரெழுத்து ஒன்று உண்டு எங்களிடம்;
அழிவிசையை ஒருமுறை தட்டும்போது
அலை மட்டும் போய் மொட்டைத் தலை நின்றால்
அந்தச் சோதனை தோற்க வேண்டும்.
தோற்க வேண்டியது தோற்பதையும்
யாராவது சோதிக்கத்தான் வேண்டும்.

பிறகு அமைவுக் கோப்பு. பதினாறே வரி.
எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? ஐந்து வினாடி.
ஒரே சமயத்தில் எத்தனை? நான்கு.
தோற்றால் மறுமுயற்சி?
இங்கே கை நின்றது.
"மூன்று கொடு, தொல்லை விட்டது" என்றான் தாவெத்
ஹெட்போனைக் கழற்றாமலே.
மூன்றாம் தடவை கேட்டால்தான் உண்மை சொல்பவனை
எந்தச் சாட்சிக்கூண்டில் ஏற்றுவது?
பூஜ்ஜியம் என்று எழுதினேன்.

வரிசையைக் குலுக்கி ஓடவிட்டதும்
திரை முழுக்கச் சிவப்பு.
வெட்டி ஒட்டும் சோதனை
சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் எழுந்து போயிருக்கிறது;
அடுத்து வந்து உட்கார்ந்ததற்கெல்லாம் அதன் எச்சில்.
இத்தனை காலம் எல்லாரையும் காப்பாற்றியது
அகரவரிசை, வேறொன்றுமில்லை.
ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு வெற்றுத்தாள் வைத்தேன்,
பின்னால் ஒரு துடைப்பம்.

வியாழன் இரவு எஞ்சியது ஒன்று.
சிவப்பில்லை, பச்சையில்லை, சாம்பல்.
"தாண்டவும்" என்று குறி.
கடைசி வரியில் வரிமுறிவு இல்லாத கோப்பைச் சேமிக்கும் சோதனை.
பக்கத்தில் ஹெல்துரின் கைவரிசை: நாளை பார்க்கிறேன்.
தேதியைப் பார்த்தேன்.
ஒன்பது வருடமாக விடியாத நாளை.
ஹெல்துர் இப்போது சாரேமா தீவில்
படகு எஞ்சின் பழுது பார்க்கிறானாம்.

குறியை எடுத்தேன். ஓட்டினேன்.
சிவப்பு.
ஒளிவுமறைவில்லாத, முதல் தடவையிலேயே சிவப்பு.
கடைசி வரியை விழுங்கிவிட்டு
"சேமிக்கப்பட்டது" என்று வாய் துடைத்துக்கொள்கிறது
எங்கள் திருத்தி.

ஒன்பது வருடம் யாருமா கவனிக்கவில்லை?
பழைய கடிதங்களைத் துழாவினேன்.
ஒன்றே ஒன்று. வோருவிலிருந்து,
தேனீ வளர்ப்போர் சங்கத்தின் செயலர் இல்வே:
"புகார் இல்லை. பட்டியலின் அடியில்
ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன்.
அது போய்விடுகிறது. பெயர்கள் இருக்கின்றன."

திருத்தம் இரண்டு வரிதான்.
ஆனால் நாளை அவள் பட்டியலில்
கடைசித் தேனீக்காரனுக்குக் கீழே
பலிக்கு நேர்ந்துவிட்ட புள்ளி
சாகாமல் நிற்கும்,
ஏன் என்று தெரியாமல்.

வெள்ளி மதியம் ஊர்மஸ் எட்டிப் பார்த்தார்.
தாண்டப்பட்டவை: பூஜ்ஜியம்.
"ம்" என்றுவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் இல்வேக்கு எழுத உட்கார்ந்தேன்,
எங்கள் திருத்தியிலேயே.
இனிமேல் புள்ளி வேண்டாம்.
அதுவே கடைசி வரி; வரிமுறிவு தட்டவில்லை.
சேமித்தேன். மூடினேன். திறந்தேன்.
இருந்தது.

மறுமுயற்சி பூஜ்ஜியம் என்று எழுதிய அதே கைதான்
இன்னொரு தடவை
மூடித் திறந்தது.