உட்பட ஐவர்

மலைக்குப் போகும் பக்கத்தை
ஒன்பதரைக்கே மூடிவிட வேண்டும்.
குஞ்சப்பனை தாண்டினால் பனி, வேன் ஊரும்.
அதனால் கோத்தகிரிக்கு என்றைக்கும்
பாதி ஆட்டத்தின் ஸ்கோர்தான் ஏறும்.
பதினெட்டு வருஷமாக முதல் பக்கம் போடுகிறவள்
சொல்கிறேன்.

அந்த நவம்பர் ராத்திரி
மலைப் பக்கம் தங்கம் விலையோடு கிளம்பிவிட்டது.
பதினொன்றேகாலுக்கு போன்:
கெம்பாறை எஸ்டேட், லைன் வீடுகள் மேல் மண்.
மூன்று பேர் என்றார்கள்.
எண் ஏறினாலும் தலைப்பு உடையக் கூடாதென்று
ஓரெழுத்து இடம் சேர்த்தே விட்டேன்.
'உயிரிழப்பு' நாலு காலத்தில் அடங்காது.
'பலி' எதிலும் அடங்கும்.

பன்னிரண்டரைக்கு ஐந்து.
பெயர்கள் வந்தன, பெட்டிக்குள் ஊற்றினேன்.
நாலு பெயர் ஒழுங்காக உட்கார்ந்தன.
ஐந்தாவது, பரிபூரணம்,
தனியாக அடுத்த வரிக்கு விழுந்து
கீழே ஜவுளிக்கடை விளம்பரத்தில் இடித்தது.
விளம்பரத்தில் கைவைக்க எனக்கு அதிகாரமில்லை.
அழித்துவிட்டு
'உட்பட ஐவர்' என்று அடித்தேன்.
பெட்டி கச்சிதமாக மூடிக்கொண்டது.
பிளேட் போனதும் டீ குடித்தேன்.
நல்ல டீ.

நகரம் விடிந்ததும் படித்தது.
மலை, தன்மேல் சரிந்ததை
அதற்கும் மறுநாள்தான் படித்தது.
அதே பெட்டியை அப்படியே தூக்கி வைத்திருந்தேன்.
அன்றைக்குக் கீழே விளம்பரம்கூட இல்லை.

மார்ச்சில் கோத்தகிரி போனது வேறு வேலைக்கு.
புது லேஅவுட் எப்படி இருக்கிறதென்று
ஏஜென்டுகளிடம் கேட்க வேண்டும், கையில் படிவம்.
"எழுத்து பெருசா இருந்தா போதும்மா" என்றார் ஜோகி.
அவர்தான் பேப்பர் கட்டோடு என்னையும்
கெம்பாறை ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

டீக்கடைப் பலகையில் என் பெட்டி.
சோற்றுப் பசையில் ஒட்டியது, ஓரம் எறும்பு அரித்து.
நாலு பெயர். உட்பட ஐவர்.
வலப்பக்கம்,
கண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்று நான் விட்ட வெள்ளையில்
பச்சை பால்பாயின்டில்
பரிபூரணம், 31.
இடம் போதாமல்
முப்பத்தொன்றின் ஒன்று
காகிதத்தைத் தாண்டிப் பலகையில் இருந்தது.

யார் எழுதியதென்று கேட்கவில்லை.
கிளாஸைக் கழுவிக்கொண்டே கடைக்காரர் கேட்டார்:
"மேடம் எந்தப் பக்கம்?"

எந்த ஊர்ப் பக்கம் என்றுதான் கேட்டிருப்பார்.
முதல் பக்கம் என்றேன்.